அம்மா வரட்டும்

ஜூலை 8, திங்கள் மாலை

அக்கா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைக் கீழ்வீட்டுக் கண்டக்டர் சொன்னார். உன் பெட்டியை விடுதி வாசல்வரை அவர்தான் தூக்கி வந்தாராமே. அவருடைய பஸ் காலையில் இங்கிருந்து கிளம்பினால் மதியம் உன் ஊர், சாயங்காலம் மறுபடி இங்கே. "எழுதிக் குடுங்க, நான் ஸ்டாம்ப் இல்லாத தபால்காரன்" என்கிறார். உன் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் என்பதால் இனி நமக்கு இதுதான் வழி.

சனிக்கிழமை நீ கிளம்பும் முன் நாம் போட்ட சண்டையை இதில் தொடரப் போவதில்லை. "ஏழு வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போய் எக்ஸ்ரே எடுக்கக் கத்துக்கிட்டே ஆகணுமா?" என்று நான் கேட்டதும், "உனக்குன்னு ஒரு வேலை இருக்கு, நீ கேப்ப" என்று நீ சொன்னதும் அப்படியே இருக்கட்டும். உன் ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கிச் சண்டை போடலாம். இப்போது எழுதுவது உன் மகளைப் பற்றி.

அவள் பேசவில்லை.

நம் ரேடியோ, அக்கா. காலையில் கண் விழித்ததும் பாட ஆரம்பித்து, தூக்கம் வந்துதான் அணைகிற ரேடியோ. நீ பஸ் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நேற்று போனில் உனக்கே தெரிந்திருக்கும். ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு மூச்சு மட்டும்தான் விட்டாள். பிரிந்த வருத்தம், ஒரு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இன்று அவளுக்கு என் வகுப்பில் முதல் நாள். வாரத்தின் முதல் பாடவேளையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருவோம். ஒரு பந்து கைமாறும். பந்து யாரிடம் வருகிறதோ அவர் மூன்று சொல்ல வேண்டும்: பிடித்தது ஒன்று, பயப்படுவது ஒன்று, வீட்டில் யாருக்கும் தெரியாதது ஒன்று. ஒருவன், "எங்கப்பா குறட்டைதான் டீச்சர் பயம். அது நடுவுல நின்னுட்டா இன்னும் பயம்" என்றான். வகுப்பில் எல்லாவற்றுக்கும் வாதாடுகிற ஒரு பெண் இருக்கிறாள். நாங்கள் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். "யாருக்கும் தெரியாதத இங்க சொன்னா, நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே டீச்சர்" என்று அவள் ஆரம்பிக்க, "நீ பேசாம பந்த வாங்கும்மா" என்றேன்.

பந்து ரேடியோவிடம் வந்தது. இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டாள். முகத்தில் அழுகை இல்லை. லேசாகச் சிரித்தாள்கூட. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இதை உனக்கு எழுதக் காரணம் உண்டு. பேசாமல் நானே சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெரிய டீச்சர் இன்று கூப்பிட்டு நினைவுபடுத்தினார். பள்ளி திறந்து நடுவில் சேருகிற பிள்ளைகளை ஒரு வாரம் பார்ப்பார்கள். சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. கேட்டதற்குப் பதில் சொன்னால் இரண்டாம் வகுப்பில் இடம். இல்லாவிட்டால் இடம் இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளி என்பதற்காக விதி மாறாது. அடுத்த பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். நான் இங்கே வகுப்பில் இருக்கும்போது அவளை யார் அங்கே கொண்டுபோய் விடுவது? உன் விடுதியிலும் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

ஐந்து நாள் இருக்கிறது. நீ ஏதாவது எழுது.

தங்கை


ஜூலை 9, செவ்வாய் மதியம்

டீச்சரம்மாவுக்கு,

கண்டக்டர் வெளியே நிற்கிறார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் எழுத வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. கோபப்படாமல் பதில் சொல். அவளை நீ எதற்காவது திருத்தினாயா? சின்ன வயதில் என் ரஃப் நோட்டில்கூடச் சிவப்பு மையால் சுழித்தவள் நீ. நான் அப்பாவுக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தில் ஒற்று மிகவில்லை என்று அவரிடமே காட்டிக்கொடுத்தவள். அவள் ஏதோ சொல்ல, நீ "அப்படி இல்ல, இப்படி" என்று சொல்லியிருப்பாய். அவள் ரோஷக்காரி. வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

இல்லையென்றால் தொண்டையைப் பார். டார்ச் அடித்துப் பார். மழையில் நனைந்தாளா?

நான் போனில் எத்தனை கேட்டேன் தெரியுமா. சாப்பிட்டியா, தூங்கினியா, சித்தி தலை வாரிவிட்டாளா, ஜன்னல் பக்கம் படுத்தியா. ஒவ்வொன்றுக்கும் அந்த மூச்சுதான் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் நான் யாரிடமோ கெஞ்சுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கெஞ்சத்தான் கெஞ்சினேன்.

இங்கே பயிற்சி தொடங்கிவிட்டது. மெஷினைத் தொடவிடவில்லை. முதல் பாடமே பேச்சுதான். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களை பிலிம் மாட்டிய சட்டத்தின் முன்னால் நிறுத்தி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. மூன்றே சொல். அதைச் சரியான நேரத்தில், பயமுறுத்தாத குரலில் சொல்ல வேண்டும் என்கிறார் சீனியர். என்னுடையது பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரலாம். இதையும் கண்டக்டரிடம் படித்துக் காட்டிவிடாதே.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. மேலே இருக்கிற இரண்டு புடவையையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

அக்கா

இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.


ஜூலை 9, செவ்வாய் மாலை

அக்கா,

நான் அவளைத் திருத்தவில்லை. அவள் ஏதாவது சொன்னால்தானே திருத்துவதற்கு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை சுத்தமாக இருக்கிறது. கீழ்வரிசையில் ஒரு முன்பல் ஆடுகிறது, அவ்வளவுதான். நான் "ஆ" சொல்லச் சொன்னதும் அழகாக "ஆ" என்றாள். மூன்று நாளில் வீட்டுக்குள் அவளிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. சந்தோஷத்தில் நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன். "இன்னொரு தரம் சொல்லு, வேற ஏதாவது சொல்லு" என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

தொண்டையில் ஒன்றுமில்லை என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. இன்று பாட்டு வேளை. மழையில் நனையும் தவளைகள் பற்றி ஒரு பாட்டு, நானே கட்டியது, இலக்கணமாக ஒன்றும் இருக்காது. வகுப்பு முழுக்கக் கத்தியது. அதற்குள் ஒரு கனத்த குரல் எனக்குத் தெரிந்த குரலாகக் கேட்டது. நம் ரேடியோதான். கண்ணைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். பாட்டு முடிந்தது. அவளும் முடிந்தாள்.

அடுத்து கணக்கு. சோடா மூடிகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டினோம். குழுவாக எண்ணும்போது அவளும் சத்தமாக எண்ணினாள். "எத்தனை வந்தது?" என்று நான் அவளைப் பார்த்துக் கேட்டதும் நான்கு விரலும் பிறகு ஆறு விரலும் காட்டினாள். நாற்பத்தாறு. சரியான விடை. வாசிப்பு வேளையில் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தாள். "இந்தக் கதையில உனக்கு யாரைப் பிடிச்சுது?" என்றேன். புத்தகத்தைத் திருப்பி, விரலால் அந்த நாய்க்குட்டியைக் காட்டினாள்.

பாடுகிறாள், எண்ணுகிறாள், படிக்கிறாள். பேசமாட்டேன் என்கிறாள். பிடிவாதத்துக்கு முகத்தில் ஒரு விறைப்பு இருக்கும், அக்கா. முப்பது பிள்ளைகளிடம் தினமும் பார்க்கிறேன். அது இவளிடம் இல்லை. சிதறிய மூடிகளைத் தானே பெருக்கி அள்ளி டப்பாவில் போட்டாள். பக்கத்துப் பையனுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தாள்.

கடைசி மணி அடித்த பிறகு அவளைத் தனியாக உட்காரவைத்துச் சிலேட்டைக் கொடுத்தேன். "ஏன் பேச மாட்டேங்கறன்னு எழுது" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்.

அம்மா வரட்டும்.

இரண்டே சொல். அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லும்போது உனக்கு எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கை


ஜூலை 10, புதன் மதியம்

தங்கைக்கு,

படித்தேன். படித்துவிட்டு, கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதியும் பேனாவை எடுக்க முடியவில்லை.

அம்மா வரட்டும். ஏழு வயதில் எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டாள். நீ சனிக்கிழமை அரை மணி நேரம் கத்தியதை அவள் இரண்டு சொல்லில் எழுதிவிட்டாள். அவளுக்குக் கோபம். பாட்டு, கணக்கு எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு மட்டும் வாய்ப்பூட்டு. நான் வந்து நின்றால்தான் திறப்பாள்.

அவளுடைய அப்பா போனபிறகு இந்த இரண்டு வருடமும் அவள் பேச்சில்தான் நான் ஓடினேன். அலுப்பாக வீட்டுக்கு வந்தால் பல்லி என்ன செய்தது, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி எப்படி நிரம்பி வழிந்தது என்று ஒன்று விடாமல் சொல்வாள். "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுடி" என்பேன். அதைத்தான் இப்போது தண்டனையாக நிறுத்தி வைத்திருக்கிறாள்.

இன்று காலை இங்கே ஒன்று நடந்தது. முதல் முறையாக அந்த மூன்று சொல்லையும் என்னைச் சொல்ல விட்டார்கள். வயதான ஒருவர். மூச்சை இழுங்க என்றேன், இழுத்தார். பிடிங்க என்றேன், பிடித்தார். சீனியர் பொத்தானை அழுத்திவிட்டார். படம் எடுத்தாயிற்று. நான் உன் கடிதம் வருமா என்று ஜன்னல் வழியாக பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால் அந்த மனுஷன் முகம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே நிற்கிறார். "விடுங்க, விடுங்க" என்று ஓடினேன். விட்டுவிட்டு, "நீ சொல்லலியேம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. சீனியர்தான் திட்டினார். "பிடிக்கச் சொன்னவங்கதான் விடச் சொல்லணும். அவரா விடுவாரா?"

இந்த வேலைக்கும் நான் லாயக்கு இல்லை. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறது. நல்லவேளை, பிரிக்கவில்லை. சனிக்கிழமை தேர்வில் அவள் பேசாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருப்பேன். கண்டக்டரிடம் சீட்டுச் சொல்லிவிட்டேன். இடையில் போனால் மறுபடி சேர்க்கமாட்டார்கள். போகட்டும். பழைய ஜவுளிக்கடையிலேயே மறுபடி துணி மடிக்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடாதே. ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பாள்.

அக்கா


ஜூலை 10, புதன் மாலை

அக்கா,

அவசரப்பட்டு சீனியரிடம் எதுவும் சொல்லிவிடாதே. கண்டக்டரிடம் அந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்கிறேன். இன்று ஒன்று பார்த்தேன். முழுதாகப் புரியவில்லை, ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று மட்டும் தெரிகிறது.

இந்த வாரம் அளவைகள். நூலை வைத்து வகுப்பறையை அளந்தோம். கரும்பலகை எத்தனை சாண், கதவு எத்தனை முழம், பெரிய டீச்சரின் மேஜை யாருடைய சாணில் அளந்தால் அதிகம் வரும். வக்கீல் தன் சாண்தான் நியாயமான சாண் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நூல் தீர்ந்துவிட்டது. ஆபீஸ் ரூமில் இன்னொரு கண்டு இருக்கிறது. "எல்லாரும் அங்கங்க இருங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போன இடத்தில் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பெரிய டீச்சர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நூல்கண்டைத் தேட வேண்டியிருந்தது. நான் திரும்ப நேரம் ஆகிவிட்டது. வகுப்பில் ஒரே சிரிப்பு. எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நிற்கிறார்கள். அவள் கையில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி நிற்கிறாள். ஒருவன் அவள் மூக்கில் நூலால் கிச்சுக்கிச்சு மூட்டுகிறான். அசையவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர், அழுகையில்லை, அவ்வளவு இறுக்கம்.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடறேன்னு" என்றாள் வக்கீல். "நீங்க போனதும் மூடினா. நீங்க வரல. அவ திறந்துட்டா நீங்க சொன்னது பொய்யாயிடும்ல? அதான் திறக்காம நிக்கறா."

"அவ சொன்னாளா உங்கிட்ட?"

"அவதான் பேசமாட்டாளே. பாத்தாலே தெரியுதே."

என் குரல் கேட்டதும் ரேடியோ கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் கூசி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். காப்பாற்றிவிட்டேன் பாருங்கள் என்கிற சிரிப்பு.

அதன் பிறகு எனக்குப் பாடம் ஓடவில்லை. நாம் சொல்லிவிட்டு மறந்துபோகிற ஒன்றை இவள் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அப்படியென்றால் வேறு எதைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்?

போகும்போது அவளிடம் என்ன சொன்னாய்? ஒரு எழுத்து விடாமல் எழுது. நினைவிலிருக்கிற மாதிரி அழகுபடுத்தாமல், நீ பேசின மாதிரியே எழுது.

தங்கை


ஜூலை 11, வியாழன் மதியம்

தங்கைக்கு,

என்னை விசாரிக்கிறாயா? சரி. எழுதுகிறேன். வேறு என்ன சொல்லிவிடப் போகிறேன், எல்லா அம்மாவும் சொல்வதுதான்.

நீ சண்டை போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் வரேன், நானும் வரேன் என்றாள். நான் குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு இப்படித்தான் சொன்னேன்:

"சித்தி சொல்றதக் கேளு. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியாத. ராத்திரி எந்திரிச்சு அழுதா சித்தி பாவம். நான் வர்ற வரைக்கும் சித்தி வீட்டுல பேசாம இரு. ஸ்கூலுக்கும் பேசாமப் போயிட்டு வா. சரியா?"

"நீ வர்ற வரைக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமா, நான் வர்ற வரைக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினாள். புடவையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். நான் திட்டவில்லை, மிரட்டவில்லை. இதில் நீ என்ன தப்பு கண்டுபிடிப்பாய் என்று பார்க்கிறேன்.

அக்கா


ஜூலை 11, வியாழன் மாலை

அக்கா,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் நின்றே படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் பயந்துபோய், "வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?" என்றார். "நல்லா இருக்கோம்ணே, தமிழ்தான் படுத்துது" என்றேன்.

நீ எழுதியதை நீயே இன்னொரு முறை படி. நிறுத்தி நிறுத்திப் படி. பேசாம இரு. பேசாமப் போயிட்டு வா. அவள் விவரமாகக் கேட்டுக்கொண்டும் இருக்கிறாள், நீ வர்ற வரைக்குமா என்று. நீ ஆமாம் என்றிருக்கிறாய்.

அவள் பேசாமல் இருக்கிறாள், அக்கா. நீ சொன்ன மாதிரியே. சித்தி வீட்டில் பேசாமல் இருக்கிறாள். பள்ளிக்குப் பேசாமல் போய்விட்டு வருகிறாள். பாடக்கூடாது என்று நீ சொல்லவில்லை, பாடுகிறாள். எண்ணக்கூடாது, படிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அம்மா வரட்டும் என்று எழுதினாளே, அது உன்னை மிரட்டுவதற்கு எழுதியது இல்லை. நான் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். அம்மா வந்தால் பேசலாம் என்று பதில் சொல்லியிருக்கிறாள். கேள்விக்கு நேரான பதில். நாம் இரண்டு பேரும்தான் அதற்குள் நம் சண்டையை வைத்துப் படித்தோம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இன்று எங்கள் வகுப்பில் கட்டளைப் பெட்டி விளையாட்டு. ஒரு அட்டைப்பெட்டிக்குள் சீட்டுகள். எடுப்பவர் அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்ய வேண்டும். குதி, கதவைத் தட்டு, மூன்று முறை கை தட்டு. இடையில் நான் மட்டும் எத்தனை "பேசாம" சொன்னேன் தெரியுமா. பேசாம உக்காரு, பேசாம அதைக் குடுத்துடு, பேசாம இன்னொரு சீட்டு எடு. அப்போது கவனிக்கவில்லை. உன் கடிதம் படித்த பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்து எனக்கே கூசியது. உனக்கு எழுதிய முதல் கடிதத்திலும் அந்தச் சொல் இருக்கும், பார். நீயும் எழுதியிருக்கிறாய், பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று. நீ வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்குவதாக நான் நினைக்கவில்லை. அவள் அப்படித்தான் நினைப்பாள்.

மேலே வந்ததும் அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். "அம்மா பேசாம இருன்னு சொன்னது, சமத்தா இருன்னு அர்த்தம்டி. நீ பேசலாம்." யோசித்தாள். சிலேட்டை எடுத்தாள். "அம்மா சொல்லலியே" என்று எழுதினாள்.

உன் சீனியர் சொன்னது சரிதான்.

அதனால் நாளை மதியம் இது கிடைத்ததும் உன் கையெழுத்தில், அவளுக்கு, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடு. என்ன எழுதுகிறாய் என்று இரண்டு முறை யோசித்து எழுது. மூச்சு விடாமப் பேசு என்று மட்டும் எழுதித் தொலைத்துவிடாதே.

தங்கை


ஜூலை 12, வெள்ளி மதியம்

அடியே,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சீனியர் முன்னாலேயே இரண்டையும் செய்துவிட்டேன். அவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். "பிடிக்கச் சொல்லிட்டு வந்திருக்கீங்க, விடச் சொல்லல" என்றார். நீ எழுதியதும் அதைத்தானே.

ஆறு நாள். ஆறு நாளாக அந்த வாய் மூடியிருந்திருக்கிறது, நான் சொன்னேன் என்பதற்காக. நான் அவளை ரோஷக்காரி என்றேன்.

சீட்டு உள்ளே இருக்கிறது. எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்தேன். எழுதினால் எதற்கும் இன்னொரு அர்த்தம் வருகிறது. இவ்வளவு நாள் எப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோமோ.

கண்டக்டர் வண்டியில் ஏதோ கோளாறு என்கிறார். இன்று எப்போது வந்து சேருவாரோ தெரியவில்லை. எனக்கு இங்கே கை ஓடாது.

அக்கா


ஜூலை 13, சனி மாலை

அக்கா,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ தேடிக்கொண்டு படிக்க வேண்டாம். பேசிவிட்டாள். இடம் கிடைத்துவிட்டது. இனி நிதானமாக எழுதுகிறேன். எழுதும்போதே பக்கத்தில் அந்த ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிழை வந்தால் அவள்தான் காரணம்.

நேற்று பஸ் வரவில்லை. நாங்கள் தூங்கும்வரை வரவில்லை. காலையில் கீழ்வீடு பூட்டியிருந்தது. வண்டி வழியில் நின்றுவிட்டது, இன்னும் வரவில்லை என்று பஸ் நிலையத்தில் சொன்னார்கள். நான் அவளுக்கு எதுவும் சொல்லாமல் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். முதல் மணி அடித்தாயிற்று. பெரிய டீச்சர் ஆயாவை அனுப்பி, புதுப் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார். நான் அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். நேரம் கடத்த அதைவிட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது தடவையாக ஆயா வந்து நின்றபோது ஜன்னலுக்கு வெளியே கேட்டருகில் காக்கிச் சட்டை தெரிந்தது. வாட்ச்மேனிடம் உள்ளே விடச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கச் சாலையில் கிடந்த மனிதர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார். "ஸ்டாம்ப் இல்லாத தபால், லேட் ஆயிடுச்சு" என்றார்.

சீட்டை ரேடியோவிடம் கொடுத்தேன். "அம்மா அனுப்பினது. நீயே படி."

உன் கையெழுத்தை முதலில் தடவிப் பார்த்தாள். பிறகு உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பேசு. எல்லாரிடமும், எல்லா இடத்திலும், எப்போதும். அம்மா. படித்து முடித்ததும் சீட்டை மடித்தாள். மறுபடி பிரித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். வகுப்பு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூங்கும்போதுமா?" என்றாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல் அது. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வக்கீல் முந்திக்கொண்டாள். "தூங்கும்போது லீவு. அம்மாவுக்குத் தெரியும்."

ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போனேன். பெரிய டீச்சர் மேஜை மேல் ஒரு படத்தை வைத்திருந்தார். சந்தைப் படம். "இதுல என்னெல்லாம் இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். ரேடியோ அதைப் பார்க்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், திங்கக்கிழமைலேர்ந்து வரணுமா, இதுலேர்ந்து வரணுமா?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவளுக்குப் பந்து விளையாட்டிலிருந்தே பாக்கி இருந்தது, அக்கா. "திங்கக்கிழமைலேர்ந்தே வா" என்றேன்.

"எனக்குப் பிடிச்சது பஸ்ல ஜன்னல் சீட்டு. பயம், அம்மா சொன்னத நான் தூக்கத்துல மறந்துட்டுப் பேசிடுவேனோன்னு. அதான் வாயில துண்ட வெச்சுக்கிட்டுத் தூங்கினேன். வீட்டுல யாருக்கும் தெரியாதது, என் பல்லு விழுந்துடுச்சு. வியாழக்கிழமை. டப்பாவுல வெச்சிருக்கேன். சொல்ல முடியலல்ல, அதான் யாருக்கும் தெரியாது." வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையில் ஓட்டை.

அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாற்பத்தாறு மூடிகளில் இரண்டு நசுங்கியவை, அதைச் சேர்க்கலாமா கூடாதா என்று கேட்க நினைத்தாளாம். கதையில் நாய்க்குட்டியைப் பிடித்ததற்குக் காரணம், அதை யாரும் எதுவும் கேட்கவில்லை. புதன்கிழமை நான் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, ஆனால் பரவாயில்லை. தன் சாண் அளவும் வக்கீல் சாண் அளவும் பெரிய டீச்சர் மேஜையில் எப்படி வித்தியாசப்பட்டது என்று மேஜையின் மேலேயே கையை வைத்துக் காட்டினாள். சந்தைப் படத்துக்கு வந்தபோது, படத்தில் தராசு பிடித்திருப்பவர் இடது கையால் பிடித்திருக்கிறார் என்று தொடங்கி, முடிப்பதாக இல்லை.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "சரி, சரி. தேறிட்ட. போதும்மா. பேசாம உன் கிளாஸு..."

"டீச்சர்" என்றேன். நான் அவருடைய ஆபீஸ் ரூமில் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் நிறுத்தினார். விஷயத்தை நேற்றே அவருக்குச் சொல்லியிருந்தேன். அவருக்கும் நினைவு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்து, "பேசிக்கிட்டே உன் கிளாஸுக்குப் போ" என்றார்.

பேசிக்கொண்டே போனாள். வராந்தா முழுக்க. யாரிடம் என்று இல்லாமல், சுவரிடம், பூந்தொட்டியிடம், தண்ணீர்க் குழாயிடம். பெரிய டீச்சரும் நானும் அந்தச் சத்தம் வகுப்புக்குள் போய் மறைகிற வரைக்கும் வாசலில் நின்று கேட்டோம். நாற்காலியில் உட்காரும்போது அவர் நீளமாக மூச்சு விட்டார்.

நீ அங்கேயே இரு, அக்கா. ஆறு மாதம் கழித்துப் போடலாம் என்று ஒதுக்கிவைத்த சண்டையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு என்று கேட்டேன் அல்லவா. நீ விட்டுவிட்டுப் போகவில்லை. நீ சொன்னதை அவள் ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சிவப்பு மையில் திருத்தச் சொன்னாயே. உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒற்றுப் பிழைகள் நிறைய. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உன் வியாழக்கிழமைக் கடிதத்தில், ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுழித்து இதோடு வைத்திருக்கிறேன். எங்கே என்று உனக்குத் தெரியும்.

பல்லை உனக்கு அனுப்பச் சொல்கிறாள். பஞ்சில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கை


ஜூலை 15, திங்கள் மதியம்

என் தங்கைக்கு,

நேற்று போனில் நான் பேசவே இல்லை. என் முறையெல்லாம் அவள் முறை. வார்டன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பின்னால் நின்ற பெண்கள், "உங்க பொண்ணா? பேசட்டும், பேசட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்கள். வாயில் துண்டு வைத்துத் தூங்கினதை நீ எழுதியதில் படித்தேன். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வைக்கும் முன் "எப்ப வருவ?" என்றாள். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, கண்டக்டர் மாமா பஸ்ல வருவேன். மறுநாள் காலைல அதே பஸ்ல திரும்பிடுவேன்" என்றேன். முதல் முறையாக அவளிடம் சரியான பதில் சொல்கிறேன் என்று தோன்றியது.

"சரி. அது வரைக்கும் நான் என்ன பண்ணணும்?" என்றாள்.

பார், எப்படிக் கேட்கிறாள். சும்மா இரு என்று சொல்ல வந்து அதையும் விழுங்கினேன். ஏதாவது கொடுத்தால்தான் விடுவாள். "அந்த ஓட்டையில புதுப் பல்லு முளைக்குதான்னு பாத்து, சித்திகிட்டச் சொல்லி எழுதச் சொல்லு" என்றேன். "தினமுமா?" என்றாள். "முளைச்சா மட்டும்" என்றேன். வார்டன் போனை வாங்கி வைத்துவிட்டார்.

பல் கிடைத்தது. சீனியரிடம் காட்டினேன். அவர் ஓரம் வெட்டிய மிச்சப் பிலிம் துண்டு ஒன்றை எடுத்து வைத்து, "நீங்களே எடுங்க" என்றார். நான் தனியாக எடுத்த முதல் படம். மூச்சை இழுங்க, பிடிங்க என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான், உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் வகுப்பு ஜன்னலில் ஒட்டிக் காட்டு. வக்கீல் இது பல்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் சீனியர் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பல் என்னிடமே இருக்கட்டும்.

நீ சிவப்பில் சுழித்த இடத்தைப் பார்த்தேன். சரிதான்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். இன்னொன்று மட்டும். நேற்று ராத்திரி பெட்டியைப் பிரித்தேன். அடியில் அவளுடைய ரிப்பன் ஒன்று வந்துவிட்டிருந்தது. புடவைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, ரிப்பனைக் கதவுப் பிடியில் கட்டியிருக்கிறேன். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அக்கா